நிக்கோபார் ஆடினால் உவரி ஓட வேண்டுமா?

திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு போட்டால், அது மன்னார் வளைகுடாவைத் தாண்டி, இலங்கையைக் குறுக்கே வெட்டி, வங்கக் கடலையும் கடந்து நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் கச்சல், தெரசா பக்கம் போய் முட்டும். இரண்டு கரையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை. நடுவில் சுமார் 1,700 கிலோமீட்டர். கச்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பேயில் 1969 முதல் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் குடியேறின, அவர்களிலும் தமிழர்கள் உண்டு. ஆகவே அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் நம் ஆட்கள்தான்.

அந்த முனையில் பூமி ஆடுவது புதிதில்லை. 4, 5 என்ற அளவுகளில் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் அது நமக்குத் தெரியவே தெரியாது. இப்போது அங்கே ஆடிய சில நிமிஷத்தில் இங்கே போன் அடிக்கிறது.

போன தடவை அப்படி ஐந்து புள்ளி சொச்சம் அளவில் ஒன்று வந்தபோது நான் மாமா வீட்டில் இருந்தேன். காலை நேரம். பைபர் வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். 'கடலுக்கடியில் பயங்கர நிலநடுக்கம்' என்று சிவப்பு எழுத்து, அதற்குக் கீழே 2004ஆம் வருஷத்துப் பழைய வீடியோ. ஏலம் அப்படியே நின்றது. சாளைக் கூடையை எடுக்க வந்த பெண்கள் கூடையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். மாமாவும் இன்னொருவரும் வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்கள். விட்ட வலை கடலுக்குள் கிடந்தது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி, நீ படிச்சவதான? கடல் வருமா வராதா, அத மட்டும் சொல்லு."

வராது என்று சொன்னேன். ஏன் வராது என்பதை அந்த அவசரத்தில் எடுத்துச் சொல்ல முடியவில்லை. இங்கே நிதானமாக எழுதுகிறேன். நம் கடற்கரை ஊர்களில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அந்த எண். 5 என்றால் 9இல் பாதிக்கு மேலே என்றுதான் யாருக்கும் தோன்றும். நிலநடுக்க அளவு அப்படிக் கூடுவதில்லை. ஒரு எண் ஏறினால் கருவியில் பதிவாகும் அலையின் உயரம் 10 மடங்கு, வெளிவரும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்கு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் வந்தது 9.1. அதையும் ஒரு 5.1ஐயும் பக்கத்தில் வைத்தால் நடுவில் நாலு எண். 32ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்கள், 10 லட்சத்தைத் தாண்டும். 5.1இன் ஆற்றலை ஒரு ரூபாய் என்று வைத்தால் 9.1 என்பது பத்து லட்சம் ரூபாய். இரண்டையும் 'பயங்கர நிலநடுக்கம்' என்று ஒரே வார்த்தையில் சொல்பவர்கள் ஒன்று விவரம் தெரியாதவர்கள், அல்லது தெரிந்தே செய்கிறவர்கள்.

உலகம் முழுக்கப் பார்த்தால் 5க்கும் 6க்கும் இடைப்பட்ட நிலநடுக்கங்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வருகின்றன. தினசரி மூன்று, நாலு என்று வைத்துக்கொள்ளலாம். பூமியின் மேலோடு பெரிய பெரிய துண்டுகளாக இருக்கிறது, அந்தத் துண்டைத்தான் தட்டு என்பார்கள். நிலநடுக்கங்களில் பெரும்பகுதி ஒரு தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே இறங்குகிற கடல் அகழிகளை ஒட்டித்தான் வருகிறது. பல இடங்களில் மனுஷ வாசனையே கிடையாது. தென் அட்லாண்டிக்கில் தெற்கு சான்ட்விச் தீவுகள் என்று ஒன்று உண்டு. 1775இல் ஜேம்ஸ் குக் போய்ப் பார்த்த பனித் தீவுகள், இன்றுவரை குடியிருப்பு இல்லை. அங்கே தென் அமெரிக்கத் தட்டு கீழே இறங்குகிறது. 5 அளவில் ஆடினால் உணர ஆள் இல்லை, விழ ஒரு சுவர் இல்லை. ஆனாலும் உலகத்துக் கருவிகள் எல்லாம் அதை எழுதி வைக்கின்றன.

அது வீண் வேலை இல்லை. 2021 ஆகஸ்ட் 12 அன்று அதே இடத்தில் 7.5 ஒன்று வந்தது, மூன்று நிமிஷத்துக்குள் 8.1 இன்னொன்று. முதல் அதிர்வின் அலை அடங்குவதற்குள் இரண்டாவது ஏறிக்கொண்டதால் பிரித்தெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதனால் எழுந்த சின்னச் சுனாமி பல பெருங்கடல்களின் கரைகளில் கருவிகளில் பதிவானது. இன்னும் பின்னால் போனால், 1929இல் நியூசிலாந்தின் மர்ச்சிசன் பக்கம் வந்த பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் உலகத்தின் மறுபக்கத்தில் பதிவான விதத்தை அலசித்தான், டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண்மணி பூமியின் நடுவில் திடமான உட்கரு இருக்கிறது என்று 1936இல் சொன்னார். நமக்குப் பக்கத்திலேயே கொடைக்கானலில் 1899லேயே நிலநடுக்கமானி வைத்துவிட்டார்கள். தூரத்தில் ஆடுவதைப் பதிவு செய்யும் பழக்கம் நம் மலையிலும் 120 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, நிக்கோபாருக்கு வருவோம். அங்கே கீழே இறங்குவது வேறு யாருடைய தட்டும் இல்லை, நம்முடையதுதான். பொதிகை மலையும் தாமிரபரணியும் தேரிக்காடும் எந்த இந்தியத் தட்டின்மேல் இருக்கின்றனவோ, அதன் கிழக்கு ஓரம்தான் அங்கே மடங்கிக் கீழே போகிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகம். வழுக்கிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை, மேல் தட்டோடு பல இடங்களில் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. பிடி விடும்போது ஆட்டம். சின்னப் பிடி விட்டால் சின்ன ஆட்டம். பல நூறு வருஷம் கவ்விக் கிடந்த நீளமான பிடி ஒரே மூச்சில் விட்டால் 2004. அந்தமானுக்குக் கிழக்கே பாரன் தீவில் புகைகிற எரிமலையும் இதே தட்டு கீழே போவதால் உண்டானதுதான்.

சுனாமி வரவேண்டுமென்றால் நிலம் ஆடினால் மட்டும் போதாது. கடல் அடித்தளம் ஒரு பெரிய பரப்பில் மேலே எழும்பவோ கீழே இறங்கவோ வேண்டும், அப்போதுதான் அதன்மேல் நிற்கிற தண்ணீர் முழுவதும் அசையும். 5 அளவு நிலநடுக்கத்தில் பாறை உடைந்து நகரும் பகுதி மூன்று, நாலு கிலோமீட்டர் நீளம்தான், நகர்வது ஒரு சாணுக்குள். பல கிலோமீட்டர் ஆழத்தில் நடக்கும் அந்த நகர்வு கடல் தரைக்கு வந்து சேரும்போது ஒன்றுமே மிஞ்சாது. 2004இல் சுமத்ராவிலிருந்து அந்தமானின் வடகோடி வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடி விட்டது. சில இடங்களில் பாறை 10 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய், கரையில் இருந்த கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. இப்படி நடந்தால்தான் 1,700 கிலோமீட்டர் தாண்டி நம் கரையைத் தொடும் அலை எழும்.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். செய்தியில் '10 கிலோமீட்டர் ஆழம்' என்று வந்தால் மேலோட்டமானது. '150 கிலோமீட்டர்' என்றால் இறங்கிப் போன தட்டுக்குள்ளேயே நடந்த முறிவு, அது கடல் தரையை அசைக்காது.

எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம் என்ற இரண்டும் தெரிந்தபிறகும் ஒன்று பாக்கி இருக்கும். எந்தப் பக்கமாக நகர்ந்தது? 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில் 8.6 வந்தது, இரண்டு மணி நேரத்தில் 8.2 இன்னொன்று. சென்னையில் கட்டடங்களை விட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டுக் கரைகளிலிருந்து ஓடினார்கள். கடைசியில் பெரிய அலை வரவில்லை, ஏனென்றால் அங்கே பாறை பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்தது, கடல் தரை அதிகம் எழும்பவில்லை. 'அன்னைக்குச் சும்மா ஓடவச்சாங்க' என்று இன்றும் சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 8.6 என்று செய்தி வந்தால், பக்கவாட்டா மேல்கீழா என்று கணக்குப் போட்டு முடிக்கும்வரை கரையில் நிற்கக்கூடாது. அன்றைக்கு ஓடியது முழுக்கச் சரி. 5க்கு ஓடுவதுதான் தப்பு.

இன்னொன்றும் கேட்பார்கள்: முதலில் 5 என்று சொல்லிவிட்டு அப்புறம் 9 என்று மாற்றிவிட்டால்? நிலநடுக்கத்தை அளக்கும் ஒவ்வொரு மையமும் சொல்லும் எண் கொஞ்சம் வித்தியாசப்படும், உண்மைதான். டெல்லி 5.2 என்றால் அமெரிக்கா 5.0 என்னும். ராட்சத நிலநடுக்கங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். 2004இல் ஹவாயிலிருந்த சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணக்கு 8.0தான். அந்த அளவு நீளம் கிழிந்து முடியவே பத்து நிமிஷம் போல ஆனது, முதல் அலைகளை வைத்து அதை முழுசாக அளக்க முடியவில்லை. ஆனால் 5 என்று வந்தது சில புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான்.

இனி நம் கரையின் விஷயம். 2004இல் நிலம் ஆடியது காலை 6.28க்கு. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அலை தமிழ்நாட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாகப்பட்டினத்தில் நடந்ததும், நமக்குப் பக்கத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடியில் நடந்ததும் யாருக்கும் மறக்காது. மணக்குடிப் பாலத்தையே அலை தூக்கிப் போட்டது. திருநெல்வேலிக் கரையில் சேதம் குறைவு. காரணம் இலங்கை. நேரே வந்த அலையை அந்தத் தீவு மறைத்தது. ஆனால் சுனாமி தீவின் ஓரத்தில் வளைந்து திரும்பும். தெற்கே சுற்றி வந்ததுதான் கன்னியாகுமரியையும் கேரளத்தில் ஆலப்பாட்டையும் அடித்தது. 'இலங்கை இருக்கு, நமக்கு ஒண்ணும் வராது' என்று நம் பக்கத்தில் சொல்லும் பேச்சை நான் அறவே நம்பவில்லை. கூடுதாழைக்கும் கூட்டப்புளிக்கும் நடுவிலேயே கரையின் திசை மாறுகிறது. அடுத்த தடவை எந்த இடத்தில் கிழிகிறதோ அதைப் பொறுத்து அலையின் திசையும் மாறும்.

காம்ப்பெல் பேயில் ஒப்பந்த வேலை பார்க்கும் என் சித்தி மகனுக்கு அன்று போன் போட்டேன். "அதெல்லாம் கணக்குலயே இல்லக்கா" என்றான். "தகரம் லேசா கடகடங்கும், தண்ணித் தொட்டி தளும்பும், அவ்வளவுதான். ஆனா நின்னுக்கிட்டு இருக்கவன் நிக்க முடியாம உக்காந்துட்டான்னு வையி, போனையும் பாக்க மாட்டோம், ஒண்ணையும் பாக்க மாட்டோம். நேரா மேட்டுக்குத்தான்."

அவன் சொன்னதில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர்களுக்கு நிலமே சொல்லிவிடும். சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமலுவே தீவில் 1907இல் ஒரு சுனாமி அழிவு நடந்தது. அதைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததால், 2004இல் பலமாக ஆடியவுடனே தீவு முழுக்க மலையேறிவிட்டார்கள். எழுபதாயிரத்துக்கு மேல் ஜனம் இருந்த இடத்தில் ஏழு பேர்தான் இறந்தார்கள். நமக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. நிக்கோபாரில் கிளம்பும் முதல் அதிர்வலை நாலு நிமிஷத்துக்குள் நம் காலடியைக் கடந்து போய்விடுகிறது, ஆனால் அதற்குள் தேய்ந்துவிடுவதால் நம் பாதத்துக்குப் பெரும்பாலும் தெரியாது. 9.1 வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் அசையவில்லை. நம் கரையில் நிலம் சொல்லாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

அந்த 'யாராவது' 2007 முதல் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற கடல்சார் தகவல் மையம். இந்தியப் பெருங்கடலில் 6.5 அல்லது அதற்கு மேல் ஆடினால் அவர்கள் சுமார் பத்து நிமிஷத்தில் முதல் அறிக்கை விடுகிறார்கள். நடுக்கடலில் மிதவைகள் நிற்கின்றன. அவற்றோடு சேர்த்துக் கடல் தரையில் வைத்திருக்கும் கருவி, தலைக்கு மேலே தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கண்டுபிடிக்கும். ஆழ்கடலுக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மிதவையில் படகைக் கட்டாதீர்கள், அதிலுள்ள சாமானைக் கழற்றாதீர்கள். அதைச் சுற்றி மீன் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அது உங்கள் வீட்டுக்குக் காவல் நிற்கிறது.

அறிக்கையில் மூன்று படி உண்டு. மேல்படி என்றால் கரையை விட்டு உள்ளே, மேட்டுக்குப் போக வேண்டும். நடுப்படி என்றால் கடற்கரையிலும் தாழ்வான இடத்திலும் நிற்கக்கூடாது. கீழ்ப்படி என்றால் அடுத்த செய்தி வரும்வரை கவனமாக இருந்தால் போதும். கடலுக்குள் இருக்கிறவர்கள் பதறிக் கரைக்குத் திரும்பக்கூடாது. 2004இல் வங்கக் கடலுக்கு மேலே போன செயற்கைக்கோள் அளந்தபோது ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். கரையை நெருங்கும்போதுதான் அது எழும்பிக் கொல்கிறது.

இதே மையம்தான் கள்ளக்கடல் எச்சரிக்கையும் விடுகிறது. நம் கரையில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். தெற்கே வெகு தூரத்தில் அடித்த புயலால் எழும் நீள அலைகள் சில நாள் கழித்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவதுதான் கள்ளக்கடல். அதற்கும் நிலநடுக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் அதற்கு உயிர்களே போயின. அந்த எச்சரிக்கை வந்தால் வள்ளத்தை மேலே ஏற்றிக் கட்ட வேண்டும், கரையில் குளிக்கப் போகக்கூடாது.

அதனால்தான் அந்த சிவப்பு எழுத்து வீடியோக்கள்மேல் எனக்கு இவ்வளவு கோபம். நிலம் சொல்லாத கரையில் செய்தி ஒன்றுதான் நம் உணர்வு. அதையே மரத்துப்போகச் செய்கிறார்கள். அன்று மாமா விட்டு வந்த வலையை மறுநாள் போய்த் தேடியபோது பாதிதான் கிடைத்தது, அதுவும் கிழிந்து. இந்த மாதிரி இன்னும் இரண்டு மூன்று நடந்தால், உண்மையிலேயே மேல்படி அறிக்கை வருகிற நாளில் அவர் எஞ்சினைக் கழற்றக்கூட மாட்டார். 'போன தடவையும் இப்படித்தான் சொன்னானுவ' என்று வலையைப் பார்க்கப் போய்விடுவார். இப்போதே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதுதான் பயம்.

கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077 என்ற எண்ணில் எப்போதும் கிடைக்கும், மாநிலத்துக்கு 1070. 2023இல் எல்லார் போனிலும் பெரிய சத்தத்தோடு ஒரு சோதனைச் செய்தி வந்தது நினைவிருக்கும். உண்மையான ஆபத்தில் அந்த வழியிலும் தகவல் வரும். ஆனால் கடலோர ஊரில் எல்லார் கையிலும் நல்ல போன் இல்லை, வயசானவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு பட்டனை அமுக்கிவிட்டு விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் எல்லார் காதிலும் விழுவது கோயில் மைக்தான். அந்த மைக்கில் யார் பேசலாம், யாரிடம் கேட்டு உறுதி செய்தபின் பேசலாம் என்பதை ஊர் கூடி முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு செய்தி வந்தால் மைக் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பது உட்பட.

வலை பழுது பார்க்கிற கூடத்தின் வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் சில வரிகள் எழுதிவைக்கலாம் என்று ஊர்க் கமிட்டியில் கேட்டிருக்கிறேன். நிலநடுக்கச் செய்தி வந்தால் முதலில் அளவைப் பார், 6.5க்குக் கீழே என்றால் வேலையைப் பார். மேலே என்றால் 1077க்குப் போன் போடு, அறிக்கை என்ன படி என்று கேள். மேல்படி என்றால் எஞ்சினையும் வலையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்குப் போ. பெரியவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடிக்கும் செலவை இளைஞர் மன்றம் ஏற்றுக்கொண்டது. எந்த மேடு, எந்த வழி என்று அம்பு போட வேண்டும், அதற்கு ஓடைப் பக்கத்துப் பாதை மழைக்காலத்தில் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஆள் கேட்டிருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நடந்து பார்க்கப் போகிறோம், மாமாவும் வருகிறேன் என்றார்.